விடைக்குறிப்பில் வீசிய வாடைக்காற்று

கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம் பள்ளிக்குத் திரும்பினால், நம் முன்னோர்களுக்குத் திடீரென்று மதிப்பு கூடியிருந்தது. வரவேற்பறையில் கண்ணாடி மேஜை இருந்த இடத்தில் பித்தளை உருளி. அதில் மிதக்கும் பூக்கள் ஏசி காற்றில் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. நடைபாதைச் சுவரில் மாட்டுவண்டி ஓவியம், வண்டிக்குப் பக்கத்திலேயே தீயணைப்புக் கருவி. வாசலில் சாணம் தெளிக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்ததாம். பெற்றோர் மூக்கைப் பொத்துவார்கள் என்பதால் அதே நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

நான் லூயிசா. சாந்தோமில் பிறந்து, சாந்தோமிலேயே கல்யாணமாகி, இருபத்திரண்டு வருடமாக மயிலாப்பூரில் இந்தப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். எங்கள் குடும்பத்தில் அம்மா டீச்சர், பெரியம்மா டீச்சர், சித்திகள் இரண்டு பேரும் டீச்சர். ஞாயிறு பூசையில் ஃபாதர் ஒரு தேதியைத் தவறாகச் சொன்னால் மூன்று பெஞ்சுகளிலிருந்து திருத்தம் போகும். ஆகவே தப்பைத் தப்பு என்று சொல்கிற பழக்கம் எங்கள் ரத்தத்தில் ஊறியது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை இந்தக் கதையில் நாசமாய்ப் போகிறது.

பத்தாம் வகுப்புக்கு 'நம் மண்ணின் அறிவு' என்று புதிய உள்மதிப்பீட்டுப் பாடம் வந்தது. மொத்தம் இருபது மதிப்பெண், தேர்ச்சிக்கு ஏழு. உள்மதிப்பீட்டில் எந்தப் பாடத்தில் தவறினாலும் பதினோராம் வகுப்பில் எங்கள் பள்ளியில் அறிவியல் பிரிவு கிடையாது. அந்த விதி பழசு. அதுவரை அதில் யாரும் மாட்டியதில்லை, ஏனென்றால் அதுவரை உள்மதிப்பீட்டில் யாரையும் நாங்கள் ஃபெயிலாக்கியதில்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க தி.நகர் ஆலோசனை நிறுவனம் ஒன்றிலிருந்து அனன்யா என்ற பெண் வந்தாள். கைத்தறிப் புடவை, காதில் பனையோலைக் கம்மல், கையில் லேப்டாப். "அறிவு புத்தகத்துல இல்ல. அது மக்கள்கிட்ட இருக்கு" என்று கண் கலங்கச் சொன்னாள். சொல்லிவிட்டு ஆளுக்கொரு நூற்று நாற்பது பக்கப் புத்தகம் கொடுத்தாள்.

அதில் மதிப்பீட்டு அட்டவணை இருந்தது. மரபுச் சொற்கள் ஐந்து மார்க், மேற்கோள் ஐந்து, விளக்கத்தின் நீளம் ஐந்து, விடைக்குறிப்போடு பொருத்தம் ஐந்து. மூலிகை, சமையல், கட்டடம், கடல் என்று நான்கு பகுதிகள். மாணவர்கள் ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுத்துப் பரீட்சை எழுதவேண்டும். கடல் பகுதி என் தலையில் விழுந்தது.

"உங்காத்துலேர்ந்து நாலடி நடந்தா சமுத்திரம், லூயிசா. உன்னை விட்டா யாரு?" என்றார் எங்கள் முதல்வர் ஜெயலக்ஷ்மி மேடம்.

அந்த நாலடியில் பிறந்ததிலிருந்து நான் செய்ததெல்லாம் மீன் வாங்கியதும் சாயங்காலம் காற்று வாங்கியதும்தான். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும்.

புத்தகத்தின்படி, கேள்வியையும் விடையையும் 'அறிவுடையோர்' ஒருவரிடமிருந்து பெற்று, படிவத்தில் அவர் கையெழுத்தையும் வாங்கவேண்டும். லூப் ரோடு மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே தேசராணி கடை போட்டிருந்தாள். அவள் மகள் ஸ்நேஹா என் வகுப்பில்தான் படிக்கிறாள். எல்கேஜியில் இலவச ஒதுக்கீட்டில் வந்த பிள்ளை. எட்டாம் வகுப்போடு அந்தச் சலுகை முடிந்தபிறகும் மதிப்பெண்ணுக்காகப் பள்ளியே கட்டணமில்லாமல் வைத்துக்கொண்டது. அறிவியலில் தொண்ணூறுக்குக் குறைந்ததே இல்லை. உயிரியல் பிரிவு எடுக்கவேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவள்.

நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். "தேசராணி, ஜனவரி மாசத்துல ஒரு நாள்னு வச்சுக்க. மறுநாள் காலைல காத்தும் தண்ணி ஓட்டமும் எப்படி இருக்கும்?"

அவள் வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னா டீச்சரம்மா, நாளிக்கு அடிக்கிற காத்த இன்னிக்கே கேக்குற?"

"சும்மா பொதுவா சொல்லேன்."

"பொதுவான்னு ஒரு கடல் கீதா? காலைல போயி நின்னு பாக்கணும். பாத்துட்டு நானா சொல்லிடவும் கூடாது. கூட நிக்கிறவன் இன்னா சொல்றான், அந்தாண்ட நிக்கிறவன் இன்னா சொல்றான்னு கேக்கணும். நாலு பேரு பேசித்தான் போட்டு கடல்ல எறங்கும். ஒருத்தன் பேச்சக் கேட்டு எறங்குனா அவ்ளோதான்."

"படிவத்துல ஒரே ஒரு வரிதான் இடம் இருக்கு" என்றேன்.

"அப்ப அத்த அப்டியே உட்டுடு" என்று சொல்லி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

காலியாக விட முடியுமா? விடைக்குறிப்பு என்று பெயர் வைத்துவிட்டு விடை இல்லாமல் அனுப்பினால் டீச்சருக்கு என்ன மரியாதை? வீட்டுக்கு வந்து, புத்தகத்தின் தொண்ணூற்று இரண்டாம் பக்கத்தைப் பார்த்து, நானே எழுதினேன். 'ஜனவரி மாதம், ஆகவே வாடைக்காற்று வீசும். நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே செல்லும்.' கீழே தேசராணியின் கையெழுத்து இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை பரீட்சை. ஜன்னல்களை மூடி, திரை போட்ட ஏசி அறை. கடல் எடுத்தவர்கள் பதினொரு பேர். 'நாளை காலை பட்டினப்பாக்கம் கரையில் காற்றும் நீரோட்டமும் எவ்வாறு இருக்கும்? மரபு அறிவின் அடிப்படையில் விளக்குக.' ஒரே கேள்வி, இருபது மதிப்பெண்.

முதல் பெஞ்சில் சாய்சரண் உட்கார்ந்திருந்தான். இந்தப் பாடத்துக்கென்றே அடையாறில் புதிதாகத் தொடங்கிய டியூஷனுக்குப் போகிற பையன். கேள்வித்தாள் கைக்கு வருவதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டான். ஸ்நேஹா கேள்வியை இரண்டு முறை படித்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"மிஸ், அஞ்சு நிமிஷம் மொட்டை மாடிக்குப் போயிட்டு வரட்டா?"

"எதுக்கு?"

"கடலைப் பாக்க மிஸ்."

வகுப்பு சிரித்தது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து கடல் தெளிவாகத் தெரியும். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் பரீட்சை நடக்கும்போது அறையை விட்டு வெளியே போய்த் தகவல் தெரிந்துகொண்டு வந்தால் அதற்குப் பெயர் முறைகேடு. "உக்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்து இரண்டே வரி எழுதினாள். 'கடலைப் பார்க்காமல் நாளைய காற்றைச் சொல்வது தப்பு. பார்த்தாலும் கூட நிற்கிறவர்களைக் கேட்டுத்தான் சொல்லவேண்டும்.' பேப்பரைக் கொடுத்துவிட்டு, மணி அடிக்கும்வரை மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாய்சரண் நாலு பக்கம் எழுதி, கூடுதல் தாள் கேட்டான்.

மறுநாள் சனிக்கிழமை. ஏன் போனேன் என்று தெரியவில்லை, விடிந்ததும் கரைக்குப் போனேன். வாடையும் இல்லை, வேறு எந்தக் காற்றும் இல்லை. கட்டுமரத்துப் பக்கம் ஏழெட்டு பேர் நின்று தண்ணீரைக் காட்டிக்காட்டி வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு கைப்பிடி சருகைத் தண்ணீரில் வீசினார். அது தெற்கே போகாமல் வடக்குப் பக்கமாக மெல்ல நகர்ந்தது. கூடையோடு நின்ற தேசராணி என்னைப் பார்த்துவிட்டாள்.

"இன்னிக்குக் காத்து செத்துப்போச்சு டீச்சரம்மா. தண்ணியும் திரும்பிகினு கீது" என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை திருத்த உட்கார்ந்தேன். சாய்சரண் 'வாடை' என்ற சொல்லைப் பதினாறு இடத்தில் எழுதியிருந்தான். எந்த ஊர் என்றே தெரியாத ஏதோ ஒரு சுலோகத்தை மேற்கோள் காட்டியிருந்தான். நீளத்துக்குக் கேட்கவே வேண்டாம். அட்டவணைப்படி இருபதுக்கு இருபது. அவன் சொன்ன காற்று வீசவில்லை என்பதற்கு அட்டவணையில் கட்டம் கிடையாது.

ஸ்நேஹாவின் தாள். மரபுச் சொற்கள் இல்லை. மேற்கோள் இல்லை. நீளம் இரண்டு வரி. விடைக்குறிப்போடு பொருத்தம் இல்லை. பூஜ்யம்.

போட்டேன். விடைக்குறிப்பு தப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். சருகு போன திசையை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதைச் சொன்னால், அந்த விடை யாரிடமிருந்து வந்தது என்று கேட்பார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு நானே இட்டுக்கட்டினேன் என்று தெரிந்துபோகும். இருபத்திரண்டு வருடத்தில் நான் எத்தனை பிள்ளைகளைக் காப்பியடித்ததற்காக வெளியே நிறுத்தியிருக்கிறேன்! எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருந்தது, அதனால்தான் போட்டேன்.

மதிப்பெண் ஒட்டிய அன்று ஸ்நேஹா ஆசிரியர் அறைக்கு வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"மிஸ், சனிக்கிழமை நீங்க கரைக்கு வந்தீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"ஆமா."

"காத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் காத்திருந்தாள். "விடைக்குறிப்புப்படிதான்மா போடணும்" என்றேன். அவள் தாளை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனாள்.

அன்று மத்தியானமே ஜெயலக்ஷ்மி மேடத்திடம் போனேன். அப்போதும் முழு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "அந்தப் பொண்ணு எழுதினதுல ஒரு நியாயம் இருக்கு மேடம்" என்று சுற்றி வளைத்தேன். பக்கத்தில் அனன்யா இருந்தாள்.

"தெரியாதுன்னு எழுதறதுக்கு எப்படி மேடம் மார்க் தர முடியும்?" என்றாள் அனன்யா. "கம்யூனிட்டியோட அறிவை நாம மதிக்கணும் இல்லையா?"

"அந்தப் பொண்ணேதான் அந்தக் கம்யூனிட்டி" என்றேன்.

"அது சரி. ஆனா ரூப்ரிக் அட்டவணைல வரலையே."

மேடம் நல்லவர். அதுதான் அவரிடம் உள்ள கஷ்டமே. "நேக்கு மனசு கேக்கலை, லூயிசா. தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துண்டாளே, அந்த நேர்மைக்கு ரெண்டு மார்க் போட்டுடு" என்றார். தேர்ச்சிக்கு ஏழு வேண்டும் என்று நினைவுபடுத்தினேன். "அப்போ காமர்ஸ் எடுத்துக்கட்டுமே. நன்னா கணக்குப் போடறவதானே" என்றார். ஸ்நேஹாவின் ஐந்து வருட ஆசை அந்த ஒரு 'நன்னா'வில் முடிந்துபோனது.

பிப்ரவரியில் பார்வையாளர் குழு வந்தது. இந்தப் பாடத்தைச் சிறப்பாக நடத்தும் பள்ளிக்கு விருது கொடுப்பவர்கள். அனன்யாவின் ஏற்பாட்டில் கடற்கரையிலேயே விழா. காலை ஏழு மணிக்குப் பந்தல், தென்னங்கீற்றுத் தோரணம், மண்குவளையில் பானகம். சாய்சரண் பட்டு வேட்டி கட்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் நாலு பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தான். கைதட்டல் வந்தது.

அடுத்து 'அறிவுடையோர்' கௌரவிப்பு. கடல் பகுதிப் படிவத்தில் யார் கையெழுத்து இருந்ததோ அவரைக் கூப்பிட்டார்கள். தேசராணி கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். சால்வை போர்த்தினார்கள். கழுத்தில் லேமினேட் செய்த அட்டை மாட்டினார்கள். பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்திருந்த ஸ்நேஹா தலை குனிந்திருந்தாள்.

குழுத் தலைவர் சுப்பராமன், ஓய்வு பெற்ற பேராசிரியர். உற்சாகமாக மைக்கை நீட்டினார். "அம்மா, நாளைக்குக் காத்து எப்படி இருக்கும்? உங்க வாயாலயே சொல்லுங்கோ, கேப்போம்."

தேசராணி கடலை ஒரு பார்வை பார்த்தாள். "நாளிக்குக் காத்த நாளிக்குதான் சார் பாக்கணும். பாத்துட்டும் நானா சொல்லக்கூடாது. கூட நிக்கிறவங்களயும் கேட்டுதான் சொல்லணும்."

சுப்பராமன் எழுந்து நின்று கை தட்டினார். "ஆஹா! என்ன பணிவு! என்ன ஞானம்! எந்தப் பல்கலைக்கழகத்துல சார் இதைச் சொல்லித் தரா?" குழுவே எழுந்து நின்று தட்டியது. மேடத்தின் கண்கள் நிறைந்தன. அனன்யா அந்த வாக்கியத்தை அவசர அவசரமாக லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

தேசராணி மைக்கை விடவில்லை. கைதட்டல் ஓயும்வரை நின்றாள்.

"தட்னது போதும் சார். இதையேதான் எம் பொண்ணு பரிச்சைல எய்திச்சு. அதுக்கு சைபரு போட்டு வச்சிக்கீறாங்க. டாக்டருக்குப் படிக்கணும்னு கெடக்குது, காமர்ஸுக்குப் போவச் சொல்றாங்க. ஒரே பேச்சுதானே? எனக்கு சால்வை, அதுக்கு சைபரா? யாரு போட்டது?"

போட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கடலைப் பார்த்தபடி நின்றாள்.

"அது டெக்னிக்கல் விஷயம்மா, அப்புறம் உக்காந்து பேசிக்கலாம்" என்று மேடம் மைக்குக்குக் கை நீட்டினார். ஸ்நேஹா இப்போது தலையைத் தூக்கியிருந்தாள். அவள் பார்த்தது என்னைத்தான்.

நான் எழுந்தேன். "நான்தான் போட்டேன்" என்றேன். பந்தலில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "நான்தான் போட்டேன். அந்த விடைக்குறிப்பும் நான் எழுதினதுதான். இந்தம்மா இப்ப சொன்னதையேதான் அன்னைக்கும் எங்கிட்ட சொன்னாங்க. படிவத்துல இடமில்லைன்னு நானா ஒரு காத்தை எழுதிட்டேன். மறுநாள் இங்க வந்து பாத்தேன். அது தப்புன்னு தெரிஞ்சும் சைபர் போட்டேன்."

பானகம் குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்குப் புரையேறியது. சாய்சரண் மட்டும் நிஜமாகவே அதிர்ந்து, "அப்ப வாடை அடிக்கலையா மிஸ்?" என்று கேட்டான். பாவம், அதுவரை அவனுக்கு அந்தச் சந்தேகமே வந்ததில்லை.

பிறகு நடந்தவை எங்கள் பள்ளியின் பாணியில் நடந்தன. விடைக்குறிப்பைத் தேசராணி சொன்னபடி திருத்தி, மதிப்பெண்ணை மாற்ற ஒரு படிவம் நிரப்பினேன். விடைக்குறிப்போடு பொருத்தம் என்பதில் ஸ்நேஹாவுக்கு ஐந்தும் கிடைத்தது. நேர்மைக்கு மேடம் சொன்ன இரண்டையும் நான் விடாமல் பிடித்து வாங்கினேன். ஏழு. நீளத்துக்கு அரை மார்க்கூட ஏறவில்லை. இரண்டு வரி இரண்டு வரிதானாம். சாய்சரண் பதினைந்துக்கு இறங்கினான். அவன் அப்பா மூன்று முறை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். எனக்கு ஒரு மெமோ. விருது எங்கள் பள்ளிக்கே கிடைத்தது, 'தன் தவறைத் தானே ஆராயும் மதிப்பீட்டு முறை'க்காக.

வரவேற்பறையில் உருளிக்கு மேலே இப்போது பொன்னிற எழுத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. 'நாளைய காற்றை நாளைதான் பார்க்க வேண்டும்.' கீழே 'சோழமண்டலக் கடற்கரையின் மரபு மொழி' என்று போட்டிருக்கிறார்கள். தேசராணி பெயரைப் போடச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். வடிவமைப்பு கெட்டுவிடுமாம். மூன்றாவது முறையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இந்த ஜூன் மாதம் ஸ்நேஹா உயிரியல் பிரிவில் சேர்ந்தாள். அங்கேயும் பாடம் நடத்துவது நான்தான். முதல் வாரச் சனிக்கிழமை லூப் ரோட்டுக்கு மீன் வாங்கப் போனேன். அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு மாதமாக ஒத்திப்போட்டதைக் கேட்டுவிட்டேன்.

"என் மேல இன்னும் கோவமா ஸ்நேஹா?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்து, என் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா சொல்ற?"

தேசராணி செதில் எடுத்துக்கொண்டிருந்த சங்கராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்பவே சொல்றதுக்கு இன்னா அவசரம்? ரெண்டு வருசம் இவுங்ககிட்டதானே படிக்கப்போற. பாத்துட்டு சொல்லு."

"பாத்துட்டு சொல்றேன் மிஸ்" என்றாள் ஸ்நேஹா.

சரி என்று சொல்லிவிட்டு, மீனை வாங்கிக்கொண்டு நடந்தேன்.